மச்சான் கேசட்டில் நான் பேசிய நாலு நிமிடம்

ரிப்பேர் வேலை அறவே தெரியாதவனால் ஒரு வீட்டுக்குக் கெடுதல் வராது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விடுவான். முழுக்கத் தெரிந்தவனாலும் வராது. பாதி தெரிந்தவன் கையில் ஒரு திருப்புளி கிடைக்கிறதே, அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குச் சனி பிடிக்கிறது. இதை நான் எங்கேயும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. அந்தப் பாதி தெரிந்தவன் நானேதான்.

பிள்ளைகளா, வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணும்போதெல்லாம் நான் பக்கத்தில் வந்தால், உங்கள் அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ஏன் என்று பலமுறை கேட்டிருக்கிறீர்கள். எழுதியே வைத்துவிடுகிறேன். இதில் வருகிற யோசனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளைப் பின்பற்ற வேண்டாம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து மாதம். எனக்கு மதுரைக் காளவாசலில் ஓர் இரும்புக் கடையில் பில் போடுகிற வேலை. படிப்பு பத்தாம் வகுப்பு. அதற்கு மேல் தபாலில் ரேடியோ ரிப்பேர் பாடம் வரவழைத்துப் படித்தேன். மொத்தம் பன்னிரண்டு பாடம். நாலாவது பாடத்தில் கணக்கு வந்ததால் அதோடு நிறுத்திக்கொண்டேன். (திருப்புளியை எப்படிப் பிடிப்பது என்ற படம் இரண்டாவது பாடத்திலேயே வந்துவிட்டது. அதற்கு மேல் என்ன வேண்டும்?)

மாமனார் வீடு சமயநல்லூர். என் மச்சான் கதிரேசன், அதாவது உங்கள் தாய்மாமா, அப்போது துபாயில் வெல்டர். வெளிநாடு போனவர்கள் அந்தக் காலத்தில் கடிதம் எழுதச் சோம்பல்பட்டுக்கொண்டு கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். வீடே டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும். பிறகு இவர்கள் பதில் பேசி அனுப்புவார்கள். என் மாமியார் பேசி அனுப்புகிற கேசட்டில் பாதி நேரம் மூக்குச் சிந்துகிற சத்தம்தான் இருக்கும்.

இந்த முறை வந்தது சாதாரணக் கேசட் இல்லை. திருவாதவூரில் மச்சானுக்கு ஒரு பெண் பார்த்து, போட்டோவைத் துபாய்க்கு அனுப்பியிருந்தார்கள். பிடித்திருக்கிறதா இல்லையா என்ற பதில் அந்தக் கேசட்டில் இருந்தது. பெண்ணுக்கு வேறொரு இடமும் கேட்டு வந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா கறாரான சம்சாரி. "ஞாயித்துக்கிழமை நானே வாரேன். மாப்பிள்ளை வாயால சொல்றத என் காதால கேக்கணும். இல்லேன்னா அந்த இடத்துக்குச் சரின்னு சொல்லிருவேன்" என்று ஆள் விட்டிருந்தார்.

சிக்கல் என்னவென்றால், கேசட்டைப் போட்டால் மச்சான் கிணற்றுக்குள் உட்கார்ந்து அழுவதுபோல் கேட்டது. ஒரு வார்த்தை புரியவில்லை. மாமனார் டேப் ரெக்கார்டர் பெட்டியைத் துணியில் கட்டினார்.

"காளவாசல்ல ஒரு மெக்கானிக் இருக்கானாம் மாப்ள. காட்டிட்டு வந்துருவோம்."

"நான் எதுக்கு மாமா இருக்கேன்?" என்றேன். இந்த ஒரு கேள்விக்கு அந்தக் குடும்பம் இன்று வரை பதில் தேடிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை மதியம் மாமனார் வயலுக்குப் போனதும் வேலையை ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்கிறேன், வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். (ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள்.) கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு தட்டில், கழற்றிய வரிசையிலேயே வைத்தேன். உங்கள் கம்ப்யூட்டருக்கும் இதுதான் முறை. கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிச்சமானால், சாமி கொடுத்தது என்று பையில் போட்டுக்கொள்ளக்கூடாது. அது எங்கேயோ இல்லை என்று அர்த்தம்.

டேப் உரசிப் போகிற சின்ன இரும்புத் தலையில் அழுக்கு அப்பியிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். உள்ளே சுற்றுகிற ரப்பர் பெல்ட்டில் எண்ணெய் வழிந்து கிடந்தது. அதையும் துடைத்தேன்.

"பெல்ட்டுல எண்ணெய் எப்படிங்க வந்துச்சு?" என்றாள் உங்கள் அம்மா.

"வரும். கம்பெனிக்காரன் சரியில்ல."

(தீபாவளிக்கு வந்திருந்தபோது, நன்றாக ஓடட்டும் என்று தையல் மிஷின் எண்ணெயை விட்டது நான்தான். இதை இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன். ரப்பர் உள்ள இடத்தில் எண்ணெய் விடாதீர்கள்.)

பெட்டியை மூடி, கேசட்டைப் போட்டேன். "அம்மா, அப்பா, எல்லாரும் சௌக்கியமா?" என்று மச்சான் கணீரென்று கேட்டார். உங்கள் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் நெஞ்சு நாலு அங்குலம் விரிந்தது. அதற்கு மேல் ஓட விடாமல் நிறுத்தினேன். நாளைக்கு எல்லோரும் கூடியிருக்கும்போது ஓடினால்தானே என் பெருமை தெரியும்?

அந்த இடத்தில் எழுந்து போய்ச் சோறு தின்றிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பதில் கேசட் பேசவேண்டுமே, மைக் வேலை செய்கிறதா பார்ப்போம் என்று தோன்றியது. வீட்டில் இருந்த இன்னொரு கேசட் மாமியாரின் பக்திப் பாட்டு. அதில் கை வைத்தால் சாமி குத்தம். அதனால் மச்சான் கேசட்டையே திருப்பிப் போட்டேன். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும் என்று நானே தீர்மானித்தேன். கேட்டுப் பார்க்கவில்லை.

இன்னொன்று. முன்பக்கம் ஆரம்பத்தில் இருந்தால், திருப்பும்போது பின்பக்கம் கடைசியில் நிற்கும். சோம்பேறியாக இருந்திருந்தால் அந்தக் கடைசி நுனியில் பேசித் தப்பித்திருப்பேன். நானோ முறைப்படி பின்பக்கத்தை ஆரம்பம் வரை சுற்றிவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பேசினேன். கொஞ்சம் போட்டுக் கேட்டேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது. கேசட்டைத் திருப்பி, முன்பக்கத்தைச் சுற்றி வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் திருவாதவூர்க்காரர் வந்தார். வடை, காபி ஆனது. "எம் மருமகந்தாண்ணே சரி பண்ணாரு" என்று மாமனார் சொல்ல, நான் தலையைக் குனிந்துகொண்டேன், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

மச்சான் அருமையாகப் பேசினார். அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார். சினை எருமை கன்று போட்டுவிட்டதா என்று கேட்டார். தங்கச்சியை நான் நன்றாக வைத்திருக்கிறேனா என்றும் கேட்டார். அரை மணி நேரம் ஓடிய பிறகு, "சரிப்பா, பொண்ணு விசயத்துக்கு வாரேன். போட்டோவப் பாத்தேன். நல்லா ரோசிச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டேன். என்னன்னா..." என்றார்.

டக். டேப் முடிந்தது.

"திருப்பிப் போடுங்க மாப்ள, அந்தப் பக்கம் இருக்கும்" என்றார் மாமனார்.

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் எருமை கட்டியிருந்த திசையைப் பார்த்தேன்.

"மிஷின் சூடாயிருக்கு மாமா. நாளைக்குக் கேப்போமே."

"என்ன மாப்ள, அவரு நாளைக்கு மறுபடி பஸ் ஏறி வருவாரா?" மாமனாரே கேசட்டைத் திருப்பிப் போட்டு அழுத்தினார்.

"அலோ, அலோ, மைக் டெஸ்ட்டிங். மதுரை மாநகர்ப் பெருமக்களே, உங்கள் முன் பேசுவது ரேடியோ நிபுணர்." பெட்டிக்குள்ளிருந்து நான் பேசினேன். "காளவாசல் மெக்கானிக்கெல்லாம் நம்மகிட்ட வந்து கத்துக்கிறணும். எம் மாமனாருக்கு உழவு தெரியும், இது தெரியுமா? இந்தப் பெட்டிய அவர் கையில குடுத்தா கழனித் தண்ணி காட்டிருவாரு."

"மெதுவாப் பேசுங்க, அம்மா அடுப்படியில இருக்கு." இது உங்கள் அம்மா.

"இருக்கட்டும் செல்வி. நாளைக்குத் திருவாதவூர்ல இருந்து ஒரு ஆளு வர்றாராமே, கறாரா? எங்கிட்டயா? நாலு வடை உள்ள போச்சுன்னா எந்தக் கறாரும் படுத்துரும்."

திருவாதவூர்க்காரர் கையில் அப்போது மூன்றாவது வடை இருந்தது. அதைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் ஒரு சோகப் பாட்டையும் பாடியிருந்தேன். நாலு நிமிடம் கழித்துக் கரகரவென்று ஒரு சத்தம். மச்சான் திரும்பி வந்தார். "இதுதான்ப்பா என் முடிவு. யார் சொன்னாலும் மாத்திக்கிற மாட்டேன். சரி, அடுத்து, வடக்கு வயக்காட்டுக்கு மோட்டார் வைக்கிறது என்னாச்சு?"

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மருமகனைத் திட்டக்கூடாது என்பதால் அந்த வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் மாமனார், "மாப்ள, நீங்க பேசுனது மட்டும் நல்லாத் தெளிவா விழுந்திருக்கு" என்றார்.

மாமியார் முந்தானையை எடுத்து மூக்குச் சிந்த ஆரம்பித்துவிட்டார். "எம்புள்ள என்ன சொன்னானோ. நல்ல இடமாச்சே, கை நழுவிப் போகுதே."

திருவாதவூர்க்காரர் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். அம்புட்டுத்தான், ஒரு கல்யாணத்தைக் கெடுத்தாயிற்று என்று நினைத்தேன். எழுந்தவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வயிறு குலுங்கியது. பிறகு தோளும் குலுங்கியது. தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வடையில படுக்கிற ஆளு நான் இல்லப்பா" என்றார் என்னிடம். மாமனார் பக்கம் திரும்பினார். "அண்ணே, பையன் என்ன சொன்னான்னு தெரியல. ஆனா மொதப் பக்கத்தக் கேட்டேன்ல. ஆத்தா முழங்கால விசாரிச்சான், வாயில்லா சீவன விசாரிச்சான். எம் மகளையும் விசாரிப்பான். ஒரு மாசம் பொறுக்கேன். கேட்டுச் சொல்லுங்க."

"திரும்பக் கேசட்டு வந்தா..." என்று நான் வாயைத் திறந்தேன்.

"நீ தொடாத" என்றார். அன்றைக்கு எனக்கு மருமகன் மரியாதை தரவேண்டிய அவசியம் இல்லாதவர் அவர் ஒருவர்தான்.

நடந்ததை எழுதி மச்சானுக்குத் தபாலில் போட்டேன். மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது கேசட் வந்தது. அதன் முதுகில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்து அனுப்பியிருந்தார். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேலே யாரும் பதிய முடியாது. (எனக்கு வராமல் போன ஏதோ ஒரு பாடத்தில் அது இருந்திருக்கும்.) உள்ளே ஒரே வாக்கியம்தான். "சம்மதம். மாப்ளய பெட்டிப் பக்கம் விடாதீங்க."

தை மாதம் கல்யாணம் நடந்தது. அந்தப் பெண்தான் உங்கள் வளர்மதி அத்தை.

எனவே பிள்ளைகளா, இல்லாமல் போனால் திரும்பக் கிடைக்காத எதையும் வைத்துச் சோதனை செய்யாதீர்கள். நகல் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் தொடுங்கள். காலி என்று தோன்றினாலும் திறந்து பாருங்கள். நான் பார்க்காமல் விட்டதற்கு வளர்மதி அத்தை இன்னும் அனுபவிக்கிறாள்.

முதல் கேசட்டில் மச்சான் என்ன முடிவு சொன்னார் என்பது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவரும் ஒரே மாதிரிச் சொல்வதில்லை. அயிரை மீன் குழம்பு வாய்த்த நாளில் அத்தையிடம், "நாலு நிமிசமும் உன் அழகப் பத்தித்தான் பேசுனேன் புள்ள" என்பார். சண்டை வந்த நாளில், "வேணாம்னு நாலு நிமிசம் தெளிவாச் சொன்னேன். மாப்ள அழிச்சுப்புட்டாரு, மாட்டிக்கிட்டேன்" என்பார். இரண்டு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகும், போன பொங்கலுக்கு அத்தை எனக்குச் சோறு போட்டுக்கொண்டே குரலைத் தணித்துக் கேட்டாள்.

"அண்ணே, யார்ட்டயும் சொல்ல மாட்டேன். அழிக்கிறதுக்கு முன்னாடி நீங்க கொஞ்சமாச்சும் கேட்டிருப்பீங்கள்ல?"