கொல்லைப் பொம்மையின் கையெழுத்து

“படத்தில் நிற்பவரின் கையெழுத்து தேவை” என்று மூன்றாவது முறையாக மெயில் வந்திருந்தது.

திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தேவா தலையில் அடித்துக்கொண்டான். படங்களை அச்சடித்து, சுவரில் மாட்டுவதற்காக ஆன்லைனில் விற்கும் கம்பெனியின் மெயில் அது. பத்து வருடம் கல்யாண ஆல்பம் போட்டவனுக்கு, தன் பெயரோடு வெளிவரப்போகும் முதல் படம். மார்கழிப் பனியில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்ட கொல்லை நடுவே, கைகளை விரித்து முதுகு காட்டி நிற்கும் காக்கா விரட்டும் பொம்மை. செருப்பு சேறாகிவிடும் என்று ரோட்டில் நின்றபடியே எடுத்தது.

“பொம்மை எப்படிங்க கையெழுத்து போடும்?” என்று போன் போட்டுக் கேட்டான்.

“அப்ப, படத்துல மனுஷங்க யாரும் இல்லைன்னு உறுதிமொழி குடுங்க சார். பொம்மைக்காரங்க சம்மதமும் வேணும். நாளைக்கு சாயங்காலம் கடைசி. பொய்யா இருந்தா, உங்க படம் எதையுமே அப்புறம் எடுக்க மாட்டோம்,” என்றாள் கம்பெனிப் பெண்.

உறுதிமொழியை உடனே அனுப்பிவிட்டுக் கொல்லைக்கு ஓடினான். கொல்லைக்காரர் தாண்டவராயன் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு நியாயம் பேசினார்.

“கோலும் வைக்கோலும் என்னுது. சட்டை எம் மருமவன் வல்லரசோடது. விழுப்புரத்துல இருக்காரு. அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்க தம்பி.”

களை வெட்டிக்கொண்டிருந்த கூலியாள் மண்ணாங்கட்டி நிமிர்ந்தார். “சார், அந்தப் படம் வந்து...”

“நீ வேலையப் பாருய்யா!” என்றார் தாண்டவராயன்.

விழுப்புரத்தில் வல்லரசு படத்தைப் பார்த்ததும் எகிறினான். “ஒரு வருசமா தேடிக்கினு இருக்கேன் இந்த சட்டைய! பொம்மைக்கா மாட்டி வுட்டாரு மாமனாரு?”

ஒரு புதுச்சட்டை வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவன் கையெழுத்துப் போட்டான். அந்தச் செய்தி தேவாவுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்தது.

“அவருக்கு சட்டை, எனக்கு ஒண்ணுமில்லியா? எங் கையெழுத்தத் திருப்பிக் குடு!” என்றார் தாண்டவராயன் போனில். அவருக்கு ஒரு வேட்டி.

மறுநாள் நாலரை மணிக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தன. ஐந்து மணிக்குப் படம் விற்பனைக்கு வந்தது, கீழே ‘தேவா, திண்டிவனம்’ என்ற பெயரோடு. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே கொல்லைக்குப் போய், எதிரில் வந்த மண்ணாங்கட்டியிடம் செல்போனை நீட்டினான்.

அவர் உற்றுப் பார்த்துச் சிரித்தார்.

“இதத்தான் சார் நேத்தே சொல்ல வந்தேன். காத்துல பொம்மை வுழுந்துட்சி. குளுருதேன்னு அதோட சட்டைய மாட்டிக்கினு நான்தான் காக்கா ஓட்டிக்கினு நின்னேன். எங்க சார் கையெழுத்து போடணும்?”