சரியாக ஒன்பது மணிக்கு விடுதலை

விடுதலைக்காக மனித குலம் எத்தனையோ புரட்சிகளை நடத்திப் பார்த்துவிட்டது. அதை முழுசாக அடைந்தவர் ஒருவர்தான்: நெவில் ட்ரெம்பாத். பெர்த் நகரத்தில் எந்தச் சிவப்பு விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும் என்று முப்பத்தாறு ஆண்டுகள் தீர்மானித்து ஓய்வு பெற்றவர். காருக்குப் பின்னால் கேரவன் என்ற சக்கர வீட்டை மாட்டினார், மனைவி கிளெனிஸை ஏற்றினார், கிளம்பிவிட்டார். மேலதிகாரி கிடையாது. அலாரமும் கிடையாது; அது அடிப்பதற்கு முன்பே எழுந்துவிடுவார்.

இந்த விடுதலைக்கு ஓர் அட்டவணை இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டது. வரைபடங்கள் புடைசூழ அது காரின் முன் இருக்கையில் வீற்றிருக்கும்; ஆகவே கிளெனிஸுக்குப் பின் இருக்கை. 'தினம் ஓர் ஊர், காலை ஒன்பதுக்குப் புறப்பாடு' என்பது முதல் விதி. கேரவனின் கால்களை மடக்குவது, கொக்கி மாட்டுவது, சங்கிலி பூட்டுவது முதலான "சில்லறை வேலைகள்" கிளெனிஸின் இலாகா. ஸ்டியரிங் நெவிலின் இலாகா.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை குவிலப் என்ற ஊரின் முறை வந்தது. பதினொன்று முதல் ஒன்று வரை "காட்டில் சைக்கிள்". மேக்பை பறவைகள் மண்டையைக் கொத்தும் பருவம் என்பதால் இருவர் ஹெல்மெட்டிலும் பிளாஸ்டிக் பட்டைகள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. நெவில் கைப்பிடியில் இருந்த வேகமானியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இயற்கையை ரசித்தார். பதினோராவது கிலோமீட்டரில் கிளெனிஸ் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டாள்.

"நெவில், இங்க வாயேன்! சிலந்தி ஆர்க்கிட்! எவ்வளவு மொட்டு பாரு! நாலஞ்சு நாள்ல பூத்துரும்."

"இப்ப பூத்திருக்கா?"

"இல்ல."

"அப்புறம் பாக்க என்ன இருக்கு? ஏற்கெனவே ஏழு நிமிஷம் லேட்டு!"

"ஒரே ஒரு வாரம் இங்க இருப்போம்ப்பா. மூணு வருஷமா எல்லாத்தையும் மொட்டாவே பாத்துட்டுப் போறோம். இதையாவது பூவா பாக்கணும்னு ஆசையா இருக்கு."

நெவில் ஜனநாயகவாதி. "சரி, மத்தியானம் பௌலிங் கிளப்ல நீயும் நானும் ஆடலாம். நீ ஜெயிச்சா ஒரு வாரம். நான் ஜெயிச்சா நாளைக்கு ஒன்பது மணி."

புல்தரையில் பந்தை உருட்டும் அந்த ஆட்டத்தை அவர் பதினொரு வருடமாக ஆடுகிறவர். அவள் அந்தப் பந்தைத் தொட்டதே இல்லை. இதைவிட நியாயமான தேர்தல் எங்கே நடக்கும்?

அந்தப் பந்துக்கு ஒரு பக்கம் கனம் அதிகம். நேராக உருட்டினாலும் கோணிக்கொண்டுதான் போகும். கிளெனிஸின் முதல் பந்துகள் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தன. ஆனாலும் கடைசிப் பந்து, இலக்கான சின்ன வெள்ளைப் பந்தின் பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது. கிளப்பே கைதட்டியது. அவள் முகம் மலர்ந்தது. நெவில் அதைத் தன் பந்தால் மோதித் தள்ளி, அமோக வெற்றி பெற்றார்.

வென்றவர் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கிளப் தலைவர் ராய்ஸ் பீர் கிளாஸைத் தட்டினார். நெவில் எழுந்தார்.

"குவிலப் மக்களே! உங்க ஊரை அணு அணுவா ரசிச்சேன். முக்கியமா அந்த ஆறு! அது மேல பழைய மரப்பாலம்! அதுல சைக்கிள்ல போனது இருக்கே, ஆகா!"

"மச்சான், இங்க ஏது ஆறு?" என்றார் ராய்ஸ். "தண்ணி இருந்தா நாங்க ஏன் பீர் குடிக்கிறோம்?"

கூரை அதிரச் சிரித்தார்கள். கிளெனிஸும் சிரித்தாள். "அது மல்லரிங் ஊரு, நெவில். நேத்து," என்றாள். நெவில் சட்டைப் பையிலிருந்து அட்டவணையின் நகலை எடுத்துச் சரிபார்த்து, தகவல் உண்மைதான் என்று சபைக்கு அறிவித்துவிட்டு உட்கார்ந்தார். கிளெனிஸ் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை எட்டு ஐம்பத்தொன்பது.

"உன் வேலையெல்லாம் ஆச்சா?" என்றார் நெவில், அட்டவணையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அருமையா ஆச்சு. கிளம்பு." காரின் பின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

ஒன்பதுக்குக் கார் நகர்ந்தது. ஒரு நொடி முன்னே இல்லை, பின்னே இல்லை. பதினெட்டு கிலோமீட்டர் போனதும் டீசல் செலவு பாதியாகக் குறைந்திருப்பதைத் திரை காட்டியது. முதலில் தன் ஓட்டும் திறமையை மெச்சிக்கொண்டார். அப்புறம்தான் சந்தேகம் வந்தது. காரை ஓரங்கட்டி, இறங்கிப் பின்னால் பார்த்தார். பதறிப்போய்க் கைபேசியில் மனைவியைக் கூப்பிட்டார்.

"கிளெனிஸ்! கேரவனைக் காணோம்!"

"அது இங்கதான் பத்திரமா இருக்கு. வாசல்ல உக்காந்து டீ குடிக்கிறேன். நீதானே ஜெயிச்ச, அதான் ஒன்பதுக்கு அனுப்பி வெச்சேன். இருந்தாலும் கேரவனைக் காணோம்னு பதினெட்டே கிலோமீட்டர்ல கண்டுபிடிச்சுட்டியே, கெட்டிக்காரன்தான். என்னைக் காணோம்னு எப்ப கண்டுபிடிக்கிறதா இருக்க, நெவில்?"