மரியாதை வேட்டுக்குக் குப்புறப் படுத்தவன்

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒருவரைத் தரையில் விழுத்திய யாழ்ப்பாணத்தான் மொன்றியலில் என்னை விட்டால் வேறு எவனும் இருக்க மாட்டான். பெருமைக்குச் சொல்லவில்லை, விசாரித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மகள் மதுரா கனடியக் கடற்படையில் சேரப் போவதாகச் சொன்னாள். நான் சம்மதிக்கவில்லை. கடற்படை என்றால் எனக்கு ஒரே ஞாபகம்தான்: ஊரில் மீன்பிடிக்கப் போன என் அண்ணனைக் கடலில் சுட்டவர்கள்.

"அது வேற நேவி அப்பா. ஒருக்கா வந்து பாருங்கோ. பேந்தும் வேண்டாமெண்டால் நான் சேரமாட்டன்."

அமெரிக்க, பிரிட்டிஷ், கனடியக் கப்பல்கள் கூட்டுப் பயிற்சி முடித்துப் பழைய துறைமுகத்துக்கு வந்திருந்தன. (பிரெஞ்சு ஊரில் இங்கிலிஷ்காரரின் சம்பந்தி விருந்து!) என் கலியாண சூட்டைப் போட்டுக்கொண்டு மதுராவோடு போனேன். பார்க் மெட்ரோ ஸ்டேசனிலிருந்தே பயமில்லாத முகம் ஒன்றை வைத்துப் பழகினேன்.

உயரமான பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர், மூன்று நாட்டுக் கப்பல்களும் ஒன்றையொன்று எப்படிக் காக்கும் என்று விளக்கினார். "வெரி நைஸ்" என்று தலையாட்டினேன்.

டமார்!

அடுத்த நொடி குப்புறக் கிடந்தேன். ஒரு கையில் மதுரா. மற்றக் கையில் அதிகாரியின் கழுத்துப்பட்டி, அதன் மறுமுனையில் அதிகாரி.

"ஓப்பின் மவுத்!" என்று கத்தினேன். (ஷெல் விழும்போது வாயைத் திறந்து வைத்தால் செவிப்பறை கிழியாது. எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.) கட்டளைக்குப் பழகிய மனிதர், வாயைத் திறந்துகொண்டு கிடந்தார்.

"அப்பா, அது மரியாதைக்குச் சுடுறது. எழும்புங்கோ, எல்லாரும் பாக்கினம்."

"அசையாதை. அடுத்தது வரும்."

வந்தது. மரியாதை வேட்டு வரிசையாகத்தான் வருமாம். மதுரா எழும்பவில்லை. கடைசி வேட்டு முடியும்வரை என் காதுகளைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தாள். அதிகாரி எழுந்து, தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார். வெட்கத்தில் செத்துப்போனேன்.

திரும்பி வரும்போது மெட்ரோவில், "நான் சேரேல்லை அப்பா" என்றாள்.

"சேர்."

"ஏன்?"

"அந்தச் சத்தம் உனக்கு மரியாதையெண்டு விளங்குது. எனக்கு இனி விளங்காது."

இப்போதும் குக்கர் விசிலடித்தால் மகன் கத்துவான்: "அப்பா, வாயைத் திறவுங்கோ!" வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

மதுரா மட்டும், தன்னுடைய கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் முதலில் எனக்குப் போன் எடுப்பாள். "அப்பா, இண்டைக்குச் சுடுவினம். மரியாதைக்குத்தான்."

"ஓம், தெரியும்" என்பேன். போனை வைத்த பிறகு, கொஞ்ச நேரம் வாயைத் திறந்துகொண்டுதான் இருப்பேன்.