ஜாதகம் மட்டும் பெரிதாகவில்லை

கடத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மச்சான் சிவக்குமாருக்கு,

இங்கே நானும் உங்கள் அக்கா நிர்மலாவும் மலர்விழியும் மாடுகளும் சுகம். பெங்களூரில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நோய்நொடியின்றி இருக்கத் தீர்த்தமலையான் துணை நிற்கட்டும்.

நிற்க. நீங்கள் கொடுத்த லேப்டாப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால், என் தம்பி கொடுத்ததைக் குறை சொல்லாதீங்க என்று உங்கள் அக்கா போனையே பிடுங்கிவிடுகிறாள். திரை கண்ணாடி மாதிரி இருக்கும், நுணுக்கமான புள்ளிகள் என்றீர்கள். வாஸ்தவம். ஆனால் எழுத்தெல்லாம் கேழ்வரகைச் சிந்தின மாதிரி கிடக்கிறது. லினக்ஸ் போட்டிருக்கிறேன், வைரஸே வராது என்றீர்கள். வந்தாலும் இந்த எழுத்தில் எனக்குத் தெரியவா போகிறது? நானும் சும்மா இருக்கவில்லை. செட்டிங்ஸுக்குள் போய் அளவை இருநூறு சதவீதம் ஆக்கினேன். கடிகாரம் பெரிசாச்சு, ஃபோல்டர் பேரெல்லாம் பெரிசாச்சு, நெட்டில் தக்காளி விலைகூடப் பெரிசாத் தெரிஞ்சுது. ஜாதகம் பார்க்கிற அந்தப் பழைய சாஃப்ட்வேர் மட்டும் அசையவில்லை. திரையின் புள்ளிகளைக் குறைத்தேன். வத்தல்மலைப் பனிக்குள் வண்டி ஓட்டுவது மாதிரி எல்லாம் மங்கிவிட்டது. கண் டாக்டரிடம் போனால், கண்ணு நல்லாத்தான் இருக்குது, எதைப் பார்க்கறீங்க என்கிறார். பூதக்கண்ணாடி வாங்கினேன், கட்டம் தெரிகிறது, உள்ளே இருக்கிற கிரகம் தெரியவில்லை.

இது விளையாட்டுக் காரியம் இல்லை மச்சான். மலருக்கு இருபத்தெட்டு ஆகிறது. பொம்மிடியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்து என்ன, பொருத்தம் பார்க்காமல் நம் வூட்டில் யாரும் பெண் கொடுத்ததில்லையே. சோசியரிடம் போனால் சேதி ஊர் முழுக்கப் பரவுகிறது என்றுதான் நானே பார்க்க உட்கார்ந்தேன். எனக்குப் படிக்க முடியாததால் மலரே பக்கத்தில் இருந்து படித்துச் சொல்கிறாள். பாவம், எந்தப் பெண்ணுக்கு இந்த வேலை வரும்? ஏரியூர் வரன், பென்னாகரம் வரன், அரூர் வரன், எல்லாவற்றுக்கும் குரலை இறக்கி, “இவருக்கும் எட்டுல செவ்வாய்ங்கப்பா” என்கிறாள். எட்டில் செவ்வாய் என்றால் அதற்கு மேல் பேச்சேது? நல்ல நல்ல குடும்பங்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். மாவட்டத்தில் ஒரு பையனுக்காவது செவ்வாய் ஒழுங்கான இடத்தில் உட்காரக் கூடாதா? என் காலத்துக்குள் அவள் கல்யாணத்தைப் பார்ப்பேனா என்று பயமாகவே இருக்கிறது. வரும் ஞாயிறு அவசியம் வந்து அந்த எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உங்கள் மாமா,
கோவிந்தன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் இன்னொரு தடவை நெட்டில் தேடினேன். ஒரு சாஃப்ட்வேரை மட்டும் பெரிதாக்க, அதைத் திறக்கிற கட்டளை வரியில் ‘அளவு இரண்டு’ என்று சேர்க்க வேண்டுமாம். வரியைத் திறந்தால், அங்கே ஏற்கெனவே ‘அளவு அரை’ என்று சேர்த்திருக்கிறது. நம் வூட்டில் அதை எழுதத் தெரிந்தவள் ஒருத்திதான். அரையை அழித்து இரண்டு போட்டேன். ஏரியூர், பென்னாகரம், அரூர், ஒரு பையனுக்கும் எட்டில் செவ்வாய் இல்லை. கோபம் வந்தது மச்சான், மறைப்பானேன். அப்புறம்தான் நேற்றுப் புதிதாக ஒரு ஜாதகம் ஏறியிருப்பதைப் பார்த்தேன். அருள்குமார். மலர் சாப்பிடும்போதெல்லாம் சொல்லுகிற, அவள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். எட்டில் செவ்வாய், பெரிய எழுத்தில், பளிச்சென்று நிற்கிறது.

இத்தனை நாள் ஒரு கட்டத்துக்குப் பயந்து என் பிள்ளை எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். இரண்டை அழித்துவிட்டுப் பழையபடி அரையே போட்டேன். மலரைக் கூப்பிட்டு, தெரியவில்லை, இதைக் கொஞ்சம் படி என்றேன்.

“எட்டுல ஒன்னுமே இல்லைங்கப்பா. சுத்தமா இருக்குது” என்றாள்.

“அப்படின்னா பேசி முடிச்சிடலாம், கண்ணு” என்றேன்.

ஞாயிறு கட்டாயம் வாருங்கள். தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது. லேப்டாப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.