டின் மிஸ்ஸின் பரீட்சையும் என் மலர்வளையமும்

போன வருடம் செப்டம்பர் ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு நாற்பது. வானம் மூடிக்கிடந்தது, மழை வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் டின் மிஸ் என் கைப்பேசியை வாங்கித் தன் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினார். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை தேடினாலும், ஒரு மனிதனைச் சம்பளத்தோடு, உயிரையும் விட்டுவைத்து, மூன்று நாளைக்கு உலகத்தில் இல்லாமல் ஆக்கக்கூடிய இன்னொரு பெண்மணி கிடைக்கமாட்டார்.

எங்கள் கம்பனி தேயிலை ஏற்றுமதி செய்வது. நான் பிரதம கணக்காளர். டின் மிஸ் ஊழியர் பயிற்சிப் பகுதிக்குத் தலைவி; மனேஜர்களாக இருக்கும் எங்களைத் தலைவர்களாக்குவது அவருடைய பொறுப்பு. அவருக்கு முன்னிருந்தவர்கள் சுவரில் படம் காட்டினார்கள். நாங்கள் குளிரூட்டிய அறையில் நித்திரை கொண்டு, சான்றிதழோடு எழும்பி வந்தோம். இவர் வந்த அன்றே படம் காட்டும் மெஷினைத் தூக்கிக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்.

முதலில் அகப்பட்டவர் எம்.டி. கூட்டமென்றால் அவர் ஒருவரே பேசுவார். மற்ற ஏழு பேரும் தலையாட்டுவோம். ஒருநாள் டின் மிஸ் மீன் அடைத்த பெரிய மாலு பான் பணிஸாகப் பார்த்து வாங்கிவந்து, எம்.டி.யின் முன்னால் வைத்தார்.

"சேர், இது முடியுற வரைக்கும் நீங்க ஒண்டும் பேசக்கூடாது. மெதுவாச் சாப்பிடுங்க. உள்ள மிளகாய் இருக்கு."

எம்.டி. கண்ணில் நீர் வழிய மென்றுகொண்டிருந்தார். அன்றுதான் களஞ்சிய மனேஜருக்குக் குரல் இருக்கிறதென்பதே எங்களுக்குத் தெரியவந்தது. அது நல்ல குரல்கூட.

பிறகு வந்ததுதான் டின் பரீட்சை. தலைவன் என்பவன் தான் இல்லாதபோதும் வேலை ஓடும்படி ஆட்களைப் பழக்கியிருக்க வேண்டும் என்பது மிஸ்ஸின் கட்சி. ஆகவே மனேஜர், ஒருவருக்கும் சொல்லாமல் மூன்று நாள் மறைய வேண்டும். கைப்பேசி டின்னுக்குள். அது ஓயாமல் அலறினால் மனேஜர் ஃபெயில்.

எனக்கு வயது அறுபத்து மூன்று. ஒவ்வொரு டிசம்பரிலும் பார்த்து வேலையை ஒரு வருடம் நீட்டுவார்கள். இந்த முறை எம்.டி., "டின் மிஸ் சரியெண்டா நீட்டுவம்" என்றுவிட்டார். நான் இரவிரவாக யோசித்தேன். கைப்பேசி அலறினால் ஃபெயில். அலறாவிட்டால், இந்தக் கிழவன் இல்லாமலே காரியம் நடக்கிறதே என்று எம்.டி. கண்டுகொள்வார். எந்தப் பக்கம் போனாலும் வீடுதான்.

"மிஸ், மாதக் கணக்கு வியாழக்கிழமை குடுக்கவேணும். இப்ப நான் போனா ஆபீஸ் கவிழ்ந்துபோகும்."

"கவிழட்டுமே அங்கிள். எத்தின வருஷமாத் தாங்கிக்கிட்டு நிக்கிறீங்க, கை வலிக்கல்லயா?"

"சுகந்திக்கு மட்டுமாவது ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போறனே?" சுகந்தி என் உதவிக் கணக்காளர்.

"சொல்லிட்டுப் போனா அது லீவு. சொல்லாமப் போனாத்தான் டெஸ்ட். பின்பக்கத்து லிஃப்ட்டால போங்க."

வீட்டுக்கு வந்தால் மனைவி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, வேலையால நிப்பாட்டிப் போட்டாங்களோ?"

"இல்லையப்பா, இது பயிற்சி."

"சாரம் கட்டிக்கொண்டு வீட்டில குந்தி இருக்கிறதுக்கும் பயிற்சியோ? அப்ப வாங்கோ, முருங்கைக்காய் கிடக்கு."

நான் முருங்கைக்காய் வெட்டினேன். வெட்டாத நேரத்தில் வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். செவ்வாய் முழுக்க மணியில்லை. புதனும் இல்லை. வேலை செய்கிறதா என்று அடிக்கடி தூக்கிப் பார்த்தேன்.

"அதை ஏன் தூக்கித் தூக்கி வைக்கிறியள்? தேடுற ஆக்கள் எடுப்பினம்தானே" என்றாள் மனைவி.

அலுவலகத்தில் தொந்தரவு செய்வார்கள் என்று அந்த இலக்கத்தை நான் ஒருவருக்கும் கொடுத்ததே இல்லை என்பது வியாழன் மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது. திறந்தேன். வெள்ளை உடுப்பில் பதினொரு பேர். முன்னால் சுகந்தி. அவள் கையில் ஒரு மலர்வளையம். அதன் நாடாவில் என் பெயர்.

"அய்யோ சேர்!" என்று அலறிவிட்டாள். "நீங்க செத்துட்டீங்க எண்டு..."

"ஆர் சொன்னது?"

"உங்கட ஃபோன எடுத்தா ஆன்ஸர் இல்ல. நீங்க ஒருநாளும் லீவு எடுக்கிறவரும் இல்ல. நேத்து ஆபீஸ் டிரைவர் இந்தப் பக்கம் வந்தவர் சேர், கேட்டில செத்தவீட்டு வெள்ளைக் கொடி கட்டியிருக்கு எண்டு..."

கொடி கீழ்வீட்டுப் பெரியவருக்கு. அவர் தொண்ணூற்றிரண்டு வயதில் செவ்வாய் இரவு நித்திரையிலேயே போய்விட்டார்.

"ஆராம் வந்திருக்கினம்?" என்று குசினியிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஆபீஸ் ஆக்கள். எனக்கு மலர்வளையம் கொண்டுவந்திருக்கினம்."

கூட்டத்தின் கடைசியில் அழாமல் நின்ற ஒரே ஆள் டின் மிஸ். கக்கத்தில் டின்.

"மிஸ், உங்களுக்குத் தெரியும்தானே! ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா டெஸ்ட் போயிரும் அங்கிள். வளையத்துக்கு நானும் காசு போட்டேன்."

ஆத்திரப்படுவதற்கு முன் நான் கேட்க வேண்டிய ஒன்று இருந்தது. "சுகந்தி, மாதக் கணக்கு?"

"நேத்தே குடுத்தாச்சு சேர். உங்கட கடைசி வேலை பிழையாப் போகக்கூடாது எண்டு எல்லாரும் அழுதழுது முடிச்சோம்."

"கணக்குப் புத்தகம் வைக்கிற இரும்புப் பெட்டியின்ர நம்பர் எனக்கு மட்டும்தானே தெரியும்?"

"உங்கட கல்யாண நாள் சேர். வருஷத்தில அந்த ஒருநாள்தானே நீங்க கேக் வாங்கித் தாறது."

மலர்வளையத்தைக் கண்டபோது வராத கலக்கம் அப்போது வந்தது. "அப்ப நான் தேவையில்லை" என்றேன்.

டின் மிஸ் மூடியைத் திறந்து என் கைப்பேசியைத் தந்தார். "முதல் நாள் காலையில ஆறு கோல். பிறகு ஒண்டுமே இல்ல. நீங்க பழக்கின ஆக்கள், தாங்களே யோசிச்சுச் செஞ்சாங்க. பாஸ் எண்டு எம்.டி.க்கு எழுதிட்டேன்."

"பாஸெண்டா வீட்டுக்கோ?"

"ஆபீஸை முடிஞ்சு மடியில வெச்சிருக்கிறவரைத்தான் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுவேன் அங்கிள். ஆக்களைப் பழக்கத் தெரிஞ்சவரை இன்னும் ஒரு வருஷம் வெச்சிருக்கச் சொல்லியிருக்கேன். இப்ப தேத்தண்ணி இருக்கா? இவ்வளவு பேர் அழுது வந்திருக்கோம்."

நாடாவைக் கழற்றிவிட்டு வளையத்தைக் கீழ்வீட்டுப் பெரியவருக்கு வைத்தோம். என் ஆட்கள் ஏற்கெனவே கொஞ்சம் அழுதிருந்ததால், அங்கேயும் மரியாதையாக நின்றார்கள். அடுத்த வாரம் டின் மிஸ் வளையத்தின் பில்லை 'பயிற்சிச் செலவு' என்று எழுதி என் மேசைக்கு அனுப்பினார். போட்டவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். வேறு எந்தத் தலைப்பிலும் அடங்காததால் கையொப்பமிட்டேன். டிசம்பரில் எனக்கு ஒரு வருடம் நீட்டினார்கள்.

இந்த வருடம் மே மாதம் டின் மிஸ் மெல்பேர்னில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார். பிரியாவிடைப் பேச்சு வேண்டாமென்றார். டின்னைத் தன் உதவியாளரிடம் கொடுத்துவிட்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "இனி எனக்கு ஒருத்தரும் கோல் எடுக்கக்கூடாது. எடுத்தா நான் ஃபெயில்."

ஒருவரும் எடுக்கவில்லை. உதவியாளர் பொறுப்பெடுத்த அன்றே விற்பனை மனேஜரின் கைப்பேசியை டின்னுக்குள் போட்டுவிட்டார். எம்.டி.க்கும் தவறாமல் மாலு பான் வந்தது. எல்லாம் ஒழுங்காக ஓடியது. நான் மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் காலி வீதிக் கடையொன்றில் கைப்பேசிக்கு ரீலோட் போட்டுக்கொண்டு, கடற்கரைப் பக்கமாகப் போய் நின்று மிஸ்ஸுக்கு எடுத்தேன்.

"அங்கிள்! என்ன, ஆபீஸ்ல ஏதும் பிரச்சினையா?"

"ஒண்டுமில்லை. எல்லாம் நல்லா ஓடுது."

"பிறகு ஏன் எடுத்தீங்க? ரூல் தெரியும்தானே! இப்ப நான் ஃபெயில்!"

"ஓம்" என்றேன். "அதுக்குத்தான் எடுத்தனான்."

அந்தப் பக்கத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கே கேட்கும்படி ஒரு சிரிப்பு. காசு தீர்ந்து இணைப்பு அறுந்துபோகும் வரை அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஐந்நூறு ரூபாய்.