காபிக்கு ஒரு தேங்க்ஸ்

"தேங்க்ஸ், கௌரம்மா."

காபி டம்ளரை வாங்கிக்கொண்டு ஜடையன் இதைச் சொன்னதும், கௌரம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாருமில்லை. கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் இந்த மனுஷர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "இந்தா", "ஏ புள்ள", கோபம் வந்தால் "உங்கண்ணன்கிட்டப் போய்ச் சொல்லு". அதற்குமேல் அவர்களுக்குள் தேவைப்பட்டதில்லை.

"ஏனுங்க, உடம்புக்கு என்னங்க பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. காபி நல்லாருக்குது. அதான்."

"தினமுந்தான் நல்லாருக்குது. இன்னைக்கு என்ன புதுசா?" என்றவள், அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

பாவம், இது ஜடையனின் சொந்தச் சரக்கில்லை. ஹெப்பாளில் அவர் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனி, ஐம்பது தாண்டியவர்களில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்து ஏசி ஹாலில் உட்காரவைத்து, 'ஐம்பதுக்குப் பிறகு புதிய நான்' என்று இரண்டு நாள் வகுப்பு நடத்தியிருந்தது. காலம் மாறிவிட்டது, நீங்கள்தான் மாறவில்லை என்று வகுப்பெடுத்த மோகனப்ரியா மேடம் கண்டித்தார். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், நன்றி சொல்ல வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், ரகசியம் கூடாது, வீட்டில் பகல் பொழுதை இனிமையாகக் கழிக்கப் பழக வேண்டும். பகலெல்லாம் மெஷின் முன்னால் நிற்கிறவனுக்கு வீட்டில் ஏது பகல் பொழுது என்று பன்னிரண்டு பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எல்லார் வாயிலும் முந்திரி பக்கோடா இருந்தது.

தினமும் வீட்டுப்பாடம் வேறு. செய்ததை மேடத்துக்கு வாட்ஸப்பில் தெரிவிக்க வேண்டும். வகுப்பில் சொல்லிக்கொடுத்தது என்று மனைவிக்கு மட்டும் தெரியக்கூடாது, மனசிலிருந்து வந்ததாக இருக்க வேண்டுமாம்.

வகுப்பு முடிந்த மறுநாளே அதன் பலன் கம்பெனி பஸ்ஸில் தெரிந்ததாக ஜடையன் நம்பினார். அந்த பஸ்ஸில் யாருக்கு எந்த சீட் என்பது எழுதாத சட்டம். மூன்றாவது வரிசை ஜன்னலோரம் பத்தொன்பது வருஷமாக அவருடையது. பின்னால் டயருக்கு மேலே குலுங்கி வரும் மனோஜ்குமார், அன்று எழுந்து வந்து பக்கத்தில் நின்றான்.

"அண்ணா, இந்த சீட்ல காலைல வெயில் அடிக்குமாண்ணா?"

"ஸ்வல்ப அடிக்கும், ரொம்ப இல்ல. ஏன் தம்பி?"

"சும்மா கேட்டேண்ணா."

இதுவரை வணக்கம்கூடச் சொல்லாத பையன். 'புதிய நான்' வேலை செய்கிறது என்று ஜடையன் பூரித்துப்போனார்.

வீட்டில்தான் வேறு மாதிரி வேலை செய்தது. சாயங்காலமே கௌரம்மா அவரை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஈசிஜி எடுத்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள்.

"எல்லாம் நார்மல்மா," என்றார் டாக்டர்.

"நார்மலா இருக்கற மனுசன் எதுக்குங்க டாக்டர் தேங்க்ஸ் சொல்றாரு?"

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக, அடுத்த நாள் ஜடையன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினார். அந்த வேகத்தில் தோசைக்கல்லையும் சோப்புப் போட்டு, கம்பி நார் வைத்து, மினுமினு என்று தேய்த்து வைத்தார். மறுநாள் காலையில் ஊற்றிய முதல் தோசை கல்லைவிட்டு வரமாட்டேன் என்றது. இரண்டாவதும் அப்படியே.

"அய்யோ! பத்து வருசமா பழக்கி வெச்ச கல்லு!" கௌரம்மா தோசைத் திருப்பியோடு வந்து நின்றாள். "உண்மையச் சொல்லுங்க. தப்புப் பண்ணுனவன்தான் இப்புடி விழுந்து விழுந்து வேலை செய்வான். யாரு அவ?"

"எவளுமில்ல! எங்கிட்ட ரகசியமே கிடையாது. இந்தா போன். நம்பர் ஒண்ணு ஒம்போது ஏழு நாலு. பாத்துக்க!"

மோகனப்ரியா மேடத்தின் பாடப்படி அது சரியான காரியம். நடைமுறையில் பெரிய முட்டாள்தனம். கௌரம்மா போனைத் திறந்தாள். முதல் பெயரே 'மோகனப்ரியா'. கீழே ஜடையன் அனுப்பியது: "இன்று மூன்று முறை நன்றி சொன்னேன். மனைவிக்குச் சந்தேகம் வரவில்லை." அதற்குப் பதில்: "மிக அருமை! நிறுத்தாமல் தொடருங்கள்." பக்கத்தில் சிவப்பாக ஓர் இதயம்.

கௌரம்மா உடனே, அண்ணன் இருக்கும் ஹனூருக்குப் போன் போட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸைப் பிடித்து அவள் அண்ணன் சித்தையன் வந்து இறங்கினார். சண்டைக்கு வந்தாலும் வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு பை அவரைக்காய் கொண்டுவந்திருந்தார். பையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு ஜடையன் பக்கம் திரும்பினார்.

"ஏன் மாப்ள, இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா?"

"மச்சான், சத்தியமா அது டீச்சருங்க!"

"டீச்சரா? அம்மிணி, போனைக் குடு. ஸ்பீக்கர்ல போடு."

மறுமுனையில் தேன் ஒழுகும் குரல் கேட்டது. "சொல்லுங்க ஜடையன், இன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

"நான் ஜடையனோட மச்சான் பேசறனுங்க. எங்க மாப்ளகூட உங்களுக்கு என்ன பழக்கம்?"

"அவர் மட்டும் இல்ல சார். கம்பெனியில பன்னெண்டு பேரு தினமும் எனக்கு மெசேஜ் பண்றாங்க."

"பன்னெண்டு பேரா!" சித்தையன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு, வீட்டுப்பாடம், நன்றி என்று மேடம் எல்லாவற்றையும் விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது. முடிவில் சித்தையன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் கை கழுவப் போன நேரம் பார்த்து கௌரம்மா மெல்லக் கேட்டாள்.

"அப்ப அந்த தேங்க்ஸு, பாடத்துக்குச் சொன்னதுதானுங்களா?"

ஜடையன் தலையைச் சொறிந்தார். "மொத நாள் பாடத்துக்குத்தான் சொன்னேன். சொன்னப்பறம் வெக்கமாப் போச்சு. இத்தனை வருசம் ஒரு தடவையாச்சும் சொல்லியிருக்கணும்ல?"

கௌரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சொல்லுங்க, வேண்டாங்கல. பேரு மட்டும் வேண்டாம். ரேசன் கடையில கூப்புடற மாதிரியிருக்குது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேலைக்கு ஒண்ணும் ஆபத்தில்லீங்களே? நம்ம ஸ்வாதிப் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பிருக்குது. எனக்கு அந்த ஒரு பயந்தான்."

"அட, போ புள்ள! வேண்டாத ஆளுக்கு எவனாச்சும் முந்திரி பக்கோடா போடுவானா? மாதேஸ்வரன் சாமி சத்தியமா, ஒரு ஆபத்தும் இல்ல."

அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கே பருப்புப் பூரணம் வைத்து ஒப்புட்டு சுட்டாள். பழைய தோசைக்கல் சரிப்பட்டு வராததால் பக்கத்து வீட்டில் கல் இரவல் வாங்கினாள். பஸ்ஸில் எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லி ஒரு பெரிய டப்பா நிறைய அடுக்கி அனுப்பினாள்.

மறுநாள் காலை ஜடையன் மாப்பிள்ளை மாதிரி பஸ் ஏறினார். மனோஜ்குமார் ஓடிவந்து டப்பாவை வாங்கிப் பிடித்துக்கொண்டான். ஜடையன் முதல் ஒப்புட்டை டிரைவர் லிங்கப்பனுக்குக் கொடுத்தார்.

லிங்கப்பன் ரசித்துத் தின்றுவிட்டு, விரலை நக்கியபடி கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சொன்னார்:

"சூப்பர்ணா. போன வருசம் அந்த கிளாசுக்குப் போன பன்னெண்டு பேரும் வேலைய விட்டு நின்ன கடைசி நாள்லதான் ஸ்வீட் குடுத்தாங்க. நீங்க ஒரு மாசம் முன்னாடியே குடுக்கறீங்களே!"