எட்டுப் பிணமும் ஒரு மாடும்

சிதம்பரத்தில், நூறு பேருக்கு முன்னால், மைக்கைப் பிடித்தபடி ஹவல்தார் வைத்திலிங்கம் "மாடா?" என்று கேட்டார் பாருங்கள், அந்த முகத்தை நினைத்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் இப்போது வராது. மாடு வர இன்னும் நேரமிருக்கிறது. மாடு வர வேண்டுமானால் முதலில் எட்டுப் பிணம் விழ வேண்டும். பிணம் விழ வேண்டுமானால் அதற்கு முன்னால் வைத்திலிங்கம் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற வேண்டும். வரிசையில் வாருங்கள். தள்ளக் கூடாது.

இருபத்து நாலு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு அவர் கடலூர் புதுப்பாளையத்துக்கு வந்து சேர்ந்தார். தெருமுனையில் முதலில் மீசை திரும்பும். பிறகுதான் அவர் திரும்புவார். தினமும் காலையில் டீக்கடை பெஞ்சில் ஒரு போர் நடக்கும்.

"சுத்தியும் பனி. எதுக்க நாப்பது பேரு. இந்தப் பக்கம் நான் ஒருத்தன்."

டீக்கடை சிங்காரம் ஆற்றுகிற கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிடுவார். "அப்புறம் என்னா ஆச்சி சார்?"

"அப்புறம் என்னா? இந்தப் பக்கம் நான் ஒருத்தன். அந்தப் பக்கம் யாருமில்ல."

பொய் என்று சொல்ல முடியாது. பனி உண்மை. நாற்பதும் உண்மை. ஆனால் அந்த நாற்பதும் உருளைக்கிழங்கு மூட்டைகள். வைத்திலிங்கம் இருபத்து நாலு வருஷமும் சப்ளை டிப்போவில் ஸ்டோர் பார்த்தவர். மூட்டைகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால் அந்தப் பக்கம் யார் இருப்பார்கள்?

இந்த ரகசியம் பெண்டாட்டிக்கும் தெரியாது என்பது அவர் நம்பிக்கை. அதைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஊரெல்லாம் செல்போன் வந்த பிறகும் அவர் மகேஸ்வரிக்குக் கடிதம்தான் எழுதினார். போனில் பேசினால் பின்னாலிருந்து எவனாவது "ஆலூ எத்தனை மூட்டை?" என்று இந்தியில் கத்துவான். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. "குண்டு மழைக்கு நடுவே இதை எழுதுகிறேன்" என்று ஆரம்பித்து, எட்டுப் பக்கம் சுடுவார்.

மகேஸ்வரியிடமிருந்து பதில் நாலே வரியில் வரும். எல்லாரும் சௌக்கியம். இலக்கியா நன்றாகப் படிக்கிறாள். மழை உண்டு. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அவ்வளவுதான்.

"எம் பொண்டாட்டி டைப்பிங்ல ஹையர் பாஸு. ஆனா எழுத்து வராது. நாலு வரியில மூச்சு வாங்கிடும்" என்று டிப்போவில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்டவர் ஒரு தீபாவளிக்கு மறுநாள், எண்ணெய் தேய்த்த தலையோடு, சபதம் எடுத்தார்.

"மகேசு, நான் துப்பறியும் நாவல் எழுதப் போறேன். படிக்கிறவன் அப்புடியே நடுங்கணும்."

"குளிச்சிட்டு எழுதுங்க மாமா. இப்ப நீங்கதான் நடுங்கிறீங்க."

குளித்துவிட்டு எழுதினார். நாவலின் பெயர் 'எல்லைக்கு அப்பால் எட்டுப் பிணங்கள்'. கதாநாயகன் மேஜர் ரணதீரன். நோட்டைச் சுருட்டிக் கட்டி, சிதம்பரத்தில் மாத நாவல் போடுகிற நடனசபாபதிக்கு அனுப்பினார். நடனசபாபதி மூக்குப்பொடிக்காரர். வார்த்தை ஆரம்பத்தில் அவருக்கு 'ம'னா வராது, 'ப'னாதான் வரும். போனில் சொன்னார்:

"ஹவல்தார் சார், பொதல் பக்கத்துல பூணு பேரு செத்தாங்க. ரெண்டாம் பக்கத்துல அஞ்சு பேரு. பூணாம் பக்கத்துலேருந்து சாகறதுக்கு ஆளே இல்ல. பிச்சம் தொண்ணூறு பக்கமும் உங்க பேஜர் தனியா நடந்துகிட்டே இருக்காரு. எங்க போறாரு சார் அவுரு?"

வைத்திலிங்கம் திருத்தி எழுதினார். எட்டுப் பேரும் இப்போது மெதுவாகச் செத்தார்கள். நோட்டு திரும்பி வந்தது. மறுபடி திருத்தினார். மேஜருக்கு ஒரு குதிரை கொடுத்தார். குதிரையோடு திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டு: 'இனி அனுப்பினால் டைப் செய்து அனுப்பவும். கண் வலிக்கிறது.'

மூன்று நாள் வைத்திலிங்கம் டீக்கடைக்குப் போகவில்லை. போர் நிறுத்தம். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தார்.

"மகேசு, இன்னும் ஒரே தரம். அதுவும் திரும்பி வந்தா நான் சென்னைக்குப் போயிடுவேன்."

"போயி?"

"வாட்ச்மேன் வேல. பெரிய அப்பார்ட்மென்ட். எக்ஸ் சர்வீஸ்மேன் கேக்குறாங்க. தங்க ரூமு குடுக்குறாங்க. இந்த ஊர்ல நான் யாருன்னு ஒருத்தனுக்கும் தெரியல. அங்க யூனிபாரமாச்சும் இருக்கும்."

"மாசத்துக்கு எத்தினி நாளு லீவு?"

"ரெண்டு நாளு."

பூண்டு உரித்துக்கொண்டிருந்த மகேஸ்வரியின் விரல் நின்றது. இருபத்து நாலு வருஷத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களை அவள் ஒரு காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அதிகம் வட்டமில்லை.

"நோட்டைக் குடுங்க" என்றாள். "நான் டைப் பண்ணி அனுப்புறேன்."

"ஒரு எழுத்து மாறக் கூடாது."

"நான் என்னாத்த மாத்தப் போறேன்? நாலு வரிக்கு மேல எனக்கு என்னா தெரியும்?"

மகள் இலக்கியா ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப். முதுகுக்கு ஒரு தலையணை. மகேஸ்வரிக்கு எப்போதும் முதுகு வலி. "வேலைன்னா ஒனக்கு முதுகு புடிச்சிக்கும்" என்பது வைத்திலிங்கத்தின் நிரந்தர நகைச்சுவை. தினமும் சாப்பாட்டுக்கு மேல் அவர் குறட்டை விட, அவள் தட்டினாள். ரெண்டு மாசம் தட்டினாள்.

"எட்டுப் பொணத்துக்கு இவ்ளோ நாளா?"

"பொணம் கனமில்லையா மாமா?"

அனுப்பிய ஒன்பதாம் நாள் நடனசபாபதி கூப்பிட்டார். மூக்கை உறிஞ்சினார். பொடியா அழுகையா என்று தெரியவில்லை. "ஹவல்தார் சார், இத்தினி நாளு இதை எங்க ஒளிச்சி வெச்சிருந்தீங்க? அடுத்த பாசமே போடுறேன்!"

வைத்திலிங்கம் போனை வைத்துவிட்டு மீசையைத் தடவினார். "பாத்தியா? டைப் பண்ணி அனுப்பினா மதிப்பே தனி."

புத்தகம் வந்தது. அட்டையில் பனிமலை, எட்டுப் பிணம், பெரிய எழுத்தில் ஹவல்தார் வைத்திலிங்கம். ஐந்து பிரதிகளைக் கண்ணாடி அலமாரியில் நிற்க வைத்துப் பூட்டினார்.

"படிச்சிப் பாக்கலியா மாமா?" என்று மகேஸ்வரி ஒரு தரம் கேட்டாள். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

"ஸ்டோரை வுட்டு வெளிய போன சாமானை—" என்று ஆரம்பித்து, ஸ்டோர் என்ற வார்த்தையை அவசரமாக விழுங்கி, "ஒரு சிப்பாய் சுட்ட குண்டைத் திரும்பிப் பாக்க மாட்டான் மகேசு. நான் எழுதினதுதான. எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. மூன்றே மாதத்தில் மறுபதிப்பு. சிங்காரம் டீக்குக் காசு வாங்க மறுத்து, "சார், அந்தக் கதவு எடத்துல நான் பாலைப் பொங்க வுட்டுட்டேன்" என்றார். எந்தக் கதவு என்று வைத்திலிங்கம் கேட்கவில்லை. அவர் நாவலில் பனிமலைதான் உண்டு. பனிமலைக்கு ஏது கதவு? பாவம், கடைக்காரன், குழப்பிக்கொள்கிறான் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

வாசகர் சந்திப்பு சிதம்பரத்தில் மேல வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில். காலை பதினோரு மணி. மகேஸ்வரி மூன்றாம் வரிசையில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். மேடையில் மாலையும் மீசையுமாக வைத்திலிங்கம். இதோ, வந்துவிட்டது. சிரிக்கிறவர்கள் தயாராகலாம்.

முதலில் எழுந்தவர் பள்ளிக்கூட ஆசிரியை புஷ்பவள்ளி. "சார், புயல்ல அந்தப் பொம்பள கதவுல முதுகை முட்டுக் குடுத்து மூணு மணி நேரம் நிக்கறா. மேல கூரை ஒவ்வொரு தகடாப் பறக்குது. கட்டிலுக்கு அடியில எட்டு வயசுக் கொழந்த. வெளிய யாரோ கதவை முட்டுறாங்க. திருடனா, கொலகாரனான்னு எனக்குக் கையெல்லாம் வேர்த்துடுச்சி. கடைசியில தொறந்தா, மாடு! பக்கத்து வீட்டு மாடு! அது மாடுன்னு எந்த எடத்துல சார் முடிவு பண்ணீங்க?"

"மாடா?" என்றார் வைத்திலிங்கம்.

மைக் அதை மண்டபம் முழுக்கக் கேட்டது. மாடா, மாடா, மாடா.

நூறு முகம் அவரையே பார்த்தது. பட்டாளத்துப் பழக்கம்; பின்வாங்கக் கூடாது. "மாடா..." என்று இன்னொரு தரம், ஆழ்ந்த குரலில் சொன்னார். "அது மாடா? நீங்களே சொல்லுங்க. அது வெறும் மாடா?"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. நடனசபாபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து ஒரு பெரியவர், தட்சிணாமூர்த்தி. "தலைப்புல எட்டுப் பொணம்னு போட்டிருக்கு. நானும் கடைசி வரைக்கும் எண்ணிகிட்டே போறேன், ஒரு பொணம் வரல. இதான்யா திருப்பம்! ஆனா சார், பட்டாளத்துல நெசமா சண்ட போட்ட நீங்க, ஹீரோவை எதுக்குக் கெழங்கு மூட்ட எண்ணுற ஸ்டோர் ஆளா வெச்சீங்க? எல்லையில சண்ட போட்டதா அவன் பொண்டாட்டிக்கு லெட்டர் எழுதறான், பாவம். அந்தக் கற்பனை எப்புடி வந்துது?"

வைத்திலிங்கத்தின் மாலைக்கு உள்ளே வேர்வை ஓடியது. மீசை ஒரு பக்கம் தொங்கியது. "அது... வந்துது" என்றார்.

"என்னா அடக்கம் பாருங்க!" என்றார் பெரியவர். மறுபடி கைதட்டல்.

சாப்பாட்டில் கொத்சு இருந்தது. வைத்திலிங்கம் தொடவில்லை. கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வெடித்தார்.

"அந்தப் பொடிக்காரன் என் மேஜரைக் கொன்னுட்டான்! குதிரையைத் தூக்கிட்டு மாட்டைப் போட்டிருக்கான்! நம்ம டிப்போ ஆளு எவனோ அவன்கிட்ட என்னப் பத்தி... அதாவது, எவனோ கத வுட்டிருக்கான். கேஸ் போடறேன் பாரு. எங்க அந்தப் புக்கு?"

"சுட்ட குண்டைத் திரும்பிப் பாக்க மாட்டேன்னீங்க."

"குடுறீ!"

மகேஸ்வரி பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பு.முட்லூர் வரைக்கும் திட்டிக்கொண்டே படித்தார். பரங்கிப்பேட்டை ரோடு தாண்டியதும் திட்டு நின்றது. புதுச்சத்திரத்தில் கண்டக்டர் டிக்கெட் கேட்டார். இவர் காதில் விழவில்லை. மகேஸ்வரி எடுத்தாள்.

புயல் தணிந்து, மாடு அடுப்படியில் படுத்திருக்க, மேலே வானம் தெரிகிற வீட்டில் உட்கார்ந்து அந்தப் பெண் புருஷனுக்குக் கடிதம் எழுதுகிறாள். டவரெல்லாம் சாய்ந்து கிடக்கிறது, போன் இல்லை. புத்தகத்தில் அந்தக் கடிதம் முழுசாக இருந்தது.

'புயல் அடித்தது. எல்லாரும் சௌக்கியம். கொய்யா மரம் மட்டும் சாய்ந்துவிட்டது. லீவு போட்டு வர வேண்டாம்.'

நாலு வரி.

அதற்குக் கீழே புருஷனின் பதிலும் இருந்தது. எட்டுப் பக்கம் துப்பாக்கிச் சண்டை. முடிவில் ஒரு வரி: 'இவ்வளவு பெரிய புயலுக்கு நாலே வரிதானா? எழுதத் தெரியாவிட்டால் யாரிடமாவது கற்றுக்கொள்.'

கடலூரையே சாய்த்துப் போட்ட தானே புயல். அடுத்த மே மாசம் அவர் லீவில் வந்தபோது கூரை புதுசாக இருந்தது. "பழசாயிடிச்சின்னு மாத்தினேன்" என்றாள். 'மிலிட்டரிக்காரன் சம்பளத்தைக் கூரை மேல கொட்டுறியா' என்று அன்றைக்கு முழுக்கக் கத்தினார். முதுகில் பத்துப் போட்டிருந்தாள். என்ன என்று கேட்ட ஞாபகம் இல்லை.

அந்த நாலு வரிக் கடிதம் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதை நடனசபாபதி பார்த்ததில்லை. டிப்போ ஆள் எவனும் பார்த்ததில்லை. எழுதினவள் ஒருத்தி, படித்தவன் ஒருத்தன்.

ஆலப்பாக்கம் தாண்டி பஸ் ஒரு பள்ளத்தில் குதித்தது. மகேஸ்வரி முகத்தைச் சுளித்து முதுகைப் பிடித்துக்கொண்டாள். வைத்திலிங்கம் தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்தார். நாலாக மடித்தார். அவள் முதுகுக்குப் பின்னால் செருகினார்.

"மகேசு."

"ம்."

"நான் ஸ்டோர்ல இருந்தது... ஒனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"உங்க மொத லெட்டர்லேருந்து மாமா."

"மொத லெட்டரா? அதுல நான் சுட்டது மட்டும்தான எழுதினேன்!"

"குண்டு மழைக்கு நடுவுல எழுதறேன்னு எழுதியிருந்தீங்க" என்றாள் மகேஸ்வரி, ஜன்னலைப் பார்த்தபடியே. "பிரிச்சேன். வெங்காய வாசனை அடிச்சிது."